கார் ஏசியில் 24 என்று வைத்தால் எது 24 ஆகிறது?

ஏசிகளின் வெப்பநிலையை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழேயும் 28 டிகிரிக்கு மேலேயும் வைக்க முடியாதபடி விதி கொண்டுவரப்போவதாக ஒன்றிய மின்துறை அமைச்சர் மனோகர் லால் 2025 ஜூன் மாதத்தில் அறிவித்தார். வீட்டு ஏசியைப் பற்றிய விவாதம் ஒரு பக்கம் நடக்க, கார் ஏசிக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி உடனே கிளம்பியது. கேள்வி எளிதாகத் தோன்றினாலும் அதற்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் சாலைகளில் ஓடும் கார்கள் பலவற்றின் ஏசியில் வெப்பநிலை எண்ணே கிடையாது. நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஒரு திருகுதான் உண்டு. எண் காட்டும் கார்களிலோ, துவாரத்தின் வழியாக முகத்தில் அடிக்கும் காற்றின் வெப்பநிலையைத்தான் அந்த எண் குறிக்கிறது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 24 என்று வைத்துவிட்டுத் துவாரத்தில் ஒரு வெப்பமானியை நீட்டிப் பார்த்தால் அது 6 காட்டலாம், 12 காட்டலாம், மார்கழி மாதத்து ஊட்டியில் 40கூடக் காட்டலாம். மூன்று நேரத்திலும் ஏசி சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருக்கும்.

இது எப்படி என்பதை அடியிலிருந்து பார்த்தால்தான், நாம் வைத்த எண்ணைத் தானாகவே காப்பாற்றும் ஆட்டோ பட்டனின் பல விசித்திரங்கள் பிடிபடும்.

குளிர் உண்டாகும் இடம்

கார் ஏசியின் குளிர்விக்கும் முறை, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் முறையேதான். திரவம் கொதித்து வாயுவாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சும். வாயு மீண்டும் திரவமாகும்போது அந்த வெப்பத்தை வெளியே கொட்டும். இந்தியக் கார்களில் பரவலாக உள்ள ஆர்-134ஏ என்னும் கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலை உயரும். காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 3 மடங்கில் அது 0 டிகிரியை ஒட்டியும், ஏறத்தாழ 17 மடங்கில் 60 டிகிரியிலும் கொதிக்கும். கார் ஏசியின் சூட்சுமம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் இருக்கிறது.

எஞ்சின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரசர், கேஸை அழுத்திச் சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சருக்கு அனுப்புகிறது. கேஸ் 60 டிகிரியில் இருப்பதால், 38 டிகிரி வெயிலில்கூட வெளிக்காற்றுக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகிவிடுகிறது. அந்தத் திரவம் எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய துளையைக் கடந்ததும் அழுத்தம் சரிந்து, டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயிலுக்குள் கொதிக்கத் தொடங்குகிறது. புளோயர் தள்ளும் காற்று அந்தக் காயிலின் தகடுகளுக்கு இடையே புகுந்து, வெப்பத்தையும் ஈரத்தையும் அங்கே விட்டுவிட்டு வெளியேறுகிறது. நிறுத்திய காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர் இந்த ஈரம்தான்; அது ஒழுகல் அன்று.

இந்தச் சுற்றில் கேஸ் எரிவதும் இல்லை, தீர்வதும் இல்லை. சிறிய கார்களில் அரை கிலோவை ஒட்டிய அளவே இருக்கும் அந்தக் கேஸ் மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஒவ்வொரு கோடையிலும் கேஸ் ஏற்றிக்கொள்ளச் சொல்லும் பட்டறை, கசிவைத் தேடச் சோம்பல்படுகிறது என்று எண்ணிக்கொள்வதில் தவறில்லை.

பின்னால் வரும் கணக்குக்கு ஒரு விவரம் தேவைப்படும். கூலிங் காயிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. இறங்கினால் அதன்மேல் படியும் நீர் பனிக்கட்டியாக உறைந்து தகடுகளுக்கு இடையே உள்ள வழியை அடைத்துவிடும், காற்றே வராது. ஆகவே காயிலில் பொருத்தப்பட்ட ஒரு சென்சார், வெப்பநிலை 2 அல்லது 3 டிகிரியை நெருங்கியதும் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்கிறது, அல்லது அதன் வேலையைக் குறைக்கச் சொல்கிறது. இதன் விளைவாக, எவ்வளவு விலையுயர்ந்த காரானாலும், கூலிங் காயிலைத் தாண்டி வரும் காற்று ஏறத்தாழ 4 டிகிரிக்குக் கீழே போவதில்லை. இதை ஏசியின் தரைமட்டம் என்று கொள்ளலாம்.

குளிர்வித்ததை மறுபடி சூடாக்குவது ஏன்?

தரைமட்டத்தில் வரும் 4 டிகிரிக் காற்றை எப்போதும் தாங்க முடியாது. அதை மிதப்படுத்தப் பெரும்பாலான கார்கள் கையாளும் வழி, முதலில் கேட்கும்போது வீண்செலவாகத் தோன்றும். காற்று முழுவதையும் முதலில் குளிர்விக்கிறார்கள். பிறகு அதில் ஒரு பகுதியை ஹீட்டர் கோர் வழியாகச் செலுத்திச் சூடாக்கிக் கலக்கிறார்கள். ஹீட்டர் கோர் என்பது எஞ்சினின் சூட்டை ஏந்தி வரும் 90 டிகிரித் திரவமான கூலன்ட் ஓடும் ஒரு சின்ன ரேடியேட்டர். எவ்வளவு காற்று அதன் வழியாகப் போக வேண்டும், எவ்வளவு அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதை ஒரு கலவைக் கதவு முடிவு செய்கிறது. 4 டிகிரிக் காற்றில் 85 பங்கும், ஹீட்டரைக் கடந்து 64 டிகிரியான காற்றில் 15 பங்கும் கலந்தால் 13 டிகிரிக் காற்று கிடைக்கும். சாதாரண ஏசியில் நீலம் சிவப்புத் திருகு செய்வது இந்தக் கதவை நகர்த்துவதை மட்டுமே. அதற்கும் கம்ப்ரசருக்கும் பல கார்களில் எந்தத் தொடர்பும் இல்லை.

இப்படிச் செய்வதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. கதவு ஒரு நொடியில் திரும்பிவிடும். கம்ப்ரசரை நிறுத்தியும் ஓட்டியும் வெப்பநிலையைச் சரிசெய்வதென்றால் முகத்தில் மாறி மாறிக் குளிரும் வெக்கையும் அடிக்கும். எஞ்சின் வெப்பமும் எப்படியும் ரேடியேட்டர் வழியாக வீணாகப் போவதுதான். இவற்றைவிட முக்கியமானது ஈரம். காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க வேண்டுமானால் அதைக் குளிர்வித்தே ஆக வேண்டும். குளிரான காற்று வேண்டாம் என்றால் ஈரத்தை எடுத்த பிறகு சூடாக்கிக்கொள்ள வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை. இதன் அருமை மழைக்காலக் கண்ணாடியைப் பற்றிப் பேசும்போது தெரியவரும்.

ஆட்டோமேட்டிக் கிளைமேட் கன்ட்ரோல் என்று விளம்பரப்படுத்துவது, இதே கம்ப்ரசரையும் இதே காயிலையும் இதே கதவையும் வைத்துக்கொண்டு, திருகைத் திருப்பும் கைக்குப் பதிலாக ஒரு சின்னக் கணினியை உட்காரவைப்பதுதான். அதனால் குளிர்விக்கும் ஆற்றல் ஒரு வாட்கூடக் கூடுவதில்லை. விலை கூடிய வகையில் ஆட்டோ ஏசி இருக்கிறது, ஆகவே அது அதிகமாகக் குளிரும் என்ற விற்பனைப் பேச்சை நம்ப வேண்டாம்.

கார் ஏசியின் தொடக்கக் காலத்தில் திருகுகூடக் கிடையாது. அமெரிக்காவின் பாக்கார்ட் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாடல்களுக்காகத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தந்த முதல் கார் ஏசியில், குளிர் போதும் என்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, கம்ப்ரசரின் பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. வெப்பநிலையை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்ற நிலையை 1964ஆம் ஆண்டு மாடல்களில் காடிலாக் கொண்டுவந்தது. அதில் இன்றுள்ளதைப் போன்ற கணினி இல்லை. வெப்பநிலை சென்சார்கள் தந்த சிறிய மின்குறியை டிரான்சிஸ்டர் பெருக்கி வலுவாக்க, எஞ்சினின் வெற்றிட இழுப்பு கதவுகளை நகர்த்தியது.

எண்ணுக்குப் பின்னால் உள்ள கணக்கு

தானியங்கி ஏசியின் கணினி ஒவ்வொரு நொடியும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது: காருக்குள் உள்ள காற்று 24 டிகிரிக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டுமானால், துவாரத்தில் எத்தனை டிகிரிக் காற்றை விட வேண்டும்? இந்த விடையைத் தேவைக் காற்றின் வெப்பநிலை என்று அழைக்கலாம். அதைக் கண்டுபிடிக்க நான்கு அளவுகள் போதும்: நாம் வைத்த எண், காருக்குள் உள்ள வெப்பம், வெளி வெப்பம், வெயிலின் வலிமை.

நிறுவனங்கள் தத்தம் வண்டிகளைச் சோதித்து இந்தக் கணக்கின் எடைகளை முடிவு செய்கின்றன. விளக்கத்துக்காக இங்கே எளிய எடைகளை எடுத்துக்கொள்வோம். உள்ளே நாம் வைத்ததைவிட 1 டிகிரி கூடுதலாக இருந்தால் துவாரக் காற்று 3 டிகிரி குறைய வேண்டும். வெளியே 1 டிகிரி கூடுதலாக இருந்தால் அரை டிகிரி குறைய வேண்டும். நல்ல வெயில் அடித்தால் இன்னும் 5 டிகிரி குறைய வேண்டும். நாம் வைத்த எண் 24.

1. பகல் ஒரு மணிக்கு, நிழலில்லாத இடத்தில் நிறுத்திய காரை எடுக்கிறோம். உள்ளே 50 டிகிரி, வெளியே 38 டிகிரி. கணக்கு: 24-இலிருந்து 78, 7, 5 ஆகியவற்றைக் கழித்தால் மைனஸ் 66. ஏசியின் தரைமட்டமோ 4 டிகிரி. கணினி கேட்பதைக் காயிலால் தர முடியாது. ஆகவே கலவைக் கதவு முழுக்கக் குளிர் பக்கம் திரும்ப, புளோயர் உச்சத்தில் இரைய, வெளிக்காற்று வரும் வழி அடைபட்டு உள்காற்றே சுற்றுகிறது.

2. சிறிது நேரத்தில் உள்ளே 26 டிகிரி ஆகிறது. இப்போது கழிப்பவை 6, 7, 5; விடை 6 டிகிரி. இது தரைமட்டத்துக்கு மேலே இருப்பதால் கதவு சற்றே ஹீட்டர் பக்கம் திறக்கிறது. புளோயரின் இரைச்சலும் தணிகிறது.

3. உள்ளே சரியாக 24 ஆகிவிட்டது. உள் வெப்பத்துக்காகக் கழிக்க ஒன்றுமில்லை. ஆனால் வெளியிலிருந்தும் கண்ணாடி வழியாகவும் வெப்பம் வந்துகொண்டே இருப்பதால் 7-உம் 5-உம் கழிகின்றன. துவாரத்தில் 12 டிகிரி. உள்ளே 24 டிகிரியைக் காப்பாற்ற 12 டிகிரிக் காற்று தொடர்ந்து தேவைப்படுகிறது.

4. பொழுது சாய்ந்து வெளியே 30 டிகிரி, வெயில் இல்லை. கழிப்பது 3 மட்டும். துவாரத்தில் 21 டிகிரி.

5. ஊட்டியில் அதிகாலை. வெளியே 6 டிகிரி, உள்ளேயும் 6. இரண்டும் நாம் வைத்ததைவிட 18 டிகிரி குறைவு; ஆகவே 54-உம் 9-உம் கூட்டப்பட்டு விடை 87 ஆகிறது. ஹீட்டர் தரக்கூடியதை எல்லாம் கொடு என்பதே அதன் பொருள்.

ஐந்து நிலையிலும் நாம் எதையும் தொடவில்லை. திரையில் 24 அப்படியே நிற்கிறது.

சென்சார்கள் பார்ப்பதும் ஏமாறுவதும்

கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சென்சார் தவறாகச் சொன்னால் விடையும் தவறும். தானியங்கி ஏசியில் வரும் புகார்களில் கம்ப்ரசரைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை இவை.

1. உள் வெப்பநிலை சென்சார். ஸ்டியரிங்குக்கு அருகே, டாஷ்போர்டில், நாணயம் அளவே உள்ள ஒரு சின்னச் சல்லடையை உற்றுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். அதன் பின்னால், வெப்பம் கூடக்கூட மின்தடை குறையும் ஒரு தெர்மிஸ்டர் இருக்கிறது. டாஷ்போர்டின் சூட்டை அளக்காமல் அறைக்காற்றை அளக்க வேண்டும் என்பதற்காக, ஒரு சின்ன விசிறியோ புளோயரின் இழுப்பில் இயங்கும் குழாயோ அந்தச் சல்லடை வழியாகக் காற்றை இடைவிடாமல் உறிஞ்சுகிறது. தூசும் நூலிழையும் அடைத்து உறிஞ்சல் நின்றுவிட்டால், சென்சார் டாஷ்போர்டின் வெக்கையைப் பார்த்துக்கொண்டு, உட்கார்ந்திருப்பவர்கள் நடுங்கினாலும் இன்னும் குளிர் போதவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

2. வெளி வெப்பநிலை சென்சார். முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும். வண்டி ஓடும்போது புதிய காற்று அதன்மேல் படும். நெரிசலில் நிற்கும்போது ரேடியேட்டரின் சூடும் சாலையின் சூடும் அதைச் சூழ்ந்துகொள்ளும். சிக்னலில் நிற்கும் காரின் திரை 43 டிகிரி காட்டுவதற்கு இதுவே காரணம். ஊரில் 43 டிகிரி வெயில் என்று பொருளாகாது. இதைத் தெரிந்தே பல வண்டிகளின் மென்பொருள், வெப்பநிலை இறங்கினால் உடனே நம்புகிறது; ஏறினால், வண்டி ஓரளவு வேகத்தில் சிறிது நேரம் ஓடிய பிறகே ஏற்றுக்கொள்கிறது.

3. வெயில் சென்சார். முன்கண்ணாடியை ஒட்டி டாஷ்போர்டின்மேல், கறுப்புப் பொத்தான்போல் இருக்கும் ஒளி டயோடு. தெளிந்த வானில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் வெப்பத்தைக் கொட்டுகிறது. காற்று 24 டிகிரியில் இருந்தாலும் தொடையில் வெயில் அடித்தால் உடல் அதை 24 என்று ஒப்புக்கொள்ளாது என்பதால்தான் இந்தச் சென்சார் தேவைப்படுகிறது. நம் கார்களில் அந்தப் பொத்தானுக்கு நேர்மேலே பிள்ளையார் உட்கார்ந்திருப்பதும், டாஷ்போர்டு வெளுக்காமல் இருக்க விரித்த துணி அதை மூடியிருப்பதும் வழக்கம். அவ்வாறிருந்தால் கணினிக்கு நண்பகலும் அந்திதான். பிள்ளையாரை ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும்.

4. காயில் சென்சாரும் கூலன்ட் சென்சாரும். முன்னது உறைவதைத் தடுக்கிறது. பின்னது ஹீட்டரில் வெப்பம் இருக்கிறதா என்று சொல்கிறது. சில வண்டிகளில் கண்ணாடியின் ஈரத்தை அளக்கும் சென்சாரும், முன்னால் போகும் லாரியின் புகையை உணர்ந்து வெளிக்காற்றை அடைக்கும் சென்சாரும் சேர்ந்துகொள்கின்றன.

கணினியின் கட்டளையை நிறைவேற்றுவது கதவுகளை நகர்த்தும் சின்ன மோட்டார்கள். கலவைக்கு ஒன்று, முகமா காலா கண்ணாடியா என்று திசை மாற்ற ஒன்று, வெளிக்காற்றா உள்காற்றா என்பதற்கு ஒன்று. இடப்பக்கம் 22, வலப்பக்கம் 26 என்று தனித்தனியாக வைக்கக்கூடிய கார்களில் கலவைக் கதவு மட்டும் இரண்டு இருக்கும், காயில் ஒன்றுதான். இந்த மோட்டார்களின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்தால், வண்டியை எடுத்ததும் டாஷ்போர்டுக்குள் சில நொடிகளுக்கு டிக் டிக் என்று பல்லிச் சத்தம் கேட்கும். பேட்டரியை மாற்றிய பிறகு ஏசி கோணலாக நடந்துகொண்டால், கதவுகளின் இரு எல்லைகளையும் கணினி மறந்துவிட்டிருக்கலாம். அவற்றை மீண்டும் கற்றுக்கொள்ளும் முறை வண்டியின் கையேட்டிலோ சர்வீஸ் கருவியிலோ இருக்கும்.

ஆட்டோ பட்டனைப் பற்றிய மூன்று சந்தேகங்கள்

முதலாவது, மிகப் பரவலானது: சீக்கிரம் குளிர வேண்டுமானால் எண்ணை 18க்கோ கடைசியில் தோன்றும் லோ என்ற நிலைக்கோ இறக்க வேண்டுமா? மேலே போட்ட கணக்கையே 18 வைத்துப் போட்டால் மைனஸ் 66 என்பது மைனஸ் 93 ஆகும். இரண்டும் 4 டிகிரித் தரைமட்டத்துக்கு எங்கோ கீழே இருப்பதால், கதவும் புளோயரும் கம்ப்ரசரும் இரண்டு நிலையிலும் ஒன்றையே செய்யும். பானையை அடுப்பில் வைத்துவிட்டு அடுப்பை முழுக்க எரியவிட்ட பிறகு, இன்னும் எரி என்று சொல்வதைப் போன்றதுதான் இது. வேகமாகக் குளிர வேண்டுமானால் செய்யத்தக்கது வேறு. கிளம்பியதும் ஒரு நிமிடம் கண்ணாடிகளைத் திறந்துவிட்டு உள்ளிருக்கும் 50 டிகிரிக் காற்றை வெளியேற்றுவது, காயிலுக்குப் பெரிய சுமையைக் குறைக்கிறது.

லோவில் இன்னொரு விஷயம் உண்டு. அது மிகக் குறைந்த வெப்பநிலை என்பதைவிட, கணக்கை நிறுத்திவிட்ட நிலை என்பதே பொருத்தம். பெரும்பாலான வண்டிகளில் லோவில் கலவைக் கதவு முழுக் குளிரில் பூட்டிக்கொள்ளும். உள் சென்சார் என்ன சொன்னாலும் அசையாது.

இரண்டாவது: குளிர்ந்த காலையில் ஆட்டோவை அழுத்தினால் புளோயர் ஓடாமல் ஊமையாக இருப்பது ஏன்? எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கூலன்ட் சென்சார் சொல்கிறது. அந்த நிலையில் புளோயரை ஓட்டினால் 6 டிகிரிக் காற்றை முகத்தில் ஊதுவதுதான் நடக்கும். அதனால் கூலன்ட் ஓரளவு சூடாகும்வரை கணினி காத்திருக்கிறது. பழுது என்று எண்ணிப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை.

மூன்றாவது: நெரிசலில் குளிர் குறைவதற்கு ஆட்டோ ஏதும் செய்யாதா? செய்ய முடியாது. பெல்ட்டால் ஓடும் கம்ப்ரசர், எஞ்சின் நிமிடத்துக்கு 700 அல்லது 800 சுற்றில் மெதுவாக ஓடும்போது தானும் மெதுவாகத்தான் ஓடும். கண்டென்சர்மேல் எதிர்க்காற்றும் இல்லை. கணினி கேட்டுக்கொண்டே இருக்கும்; இயந்திரத்தால் தர இயலாது. மின்சாரக் காரின் கம்ப்ரசருக்குத் தனி மோட்டார் இருப்பதால் இந்தக் குறை அதற்கு இல்லை. சிக்னலில் நிற்கும்போதும் அது முழு வேகத்தில் சுழலும்.

கண்ணாடியில் படியும் புகைமூட்டம்

தானியங்கி ஏசி தன் மதிப்பைக் காட்ட வேண்டிய இடமும், ஓட்டுநர் அதை மீறித் தவறு செய்யும் இடமும் இதுதான். காற்று ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் பிரியும். அதைப் பனிநிலை என்பார்கள். கண்ணாடி எந்தப் பக்கத்துக் காற்றின் பனிநிலைக்குக் கீழே குளிர்கிறதோ அந்தப் பக்கத்தில் மூட்டம் படியும்.

கொடைக்கானல் மலைப்பாதையில் மழை பெய்யும்போது வெளியே குளிர், கண்ணாடி குளிர்ந்துவிடுகிறது. உள்ளே நான்கு பேரின் மூச்சும் நனைந்த உடையும் சேர்ந்து காற்றை ஈரமாக்குகின்றன. மூட்டம் உள்பக்கம் படிகிறது. அப்போது குளிராக இருக்கிறதே என்று ஏசியை அணைப்பதுதான் மிகப்பெரிய தவறு. ஈரத்தை எடுக்கும் காயில் அதோடு நின்றுபோகிறது. ஏசியை ஓட்டியபடியே எண்ணை 24 அல்லது 26க்கு ஏற்றி, உள்காற்றுச் சுற்றை விட்டு வெளிக்காற்றுக்கு மாற்றி, கண்ணாடிப் பக்கம் ஊதவைக்க வேண்டும். காயில் காற்றை உலர்த்துகிறது, ஹீட்டர் கோர் அதைச் சூடாக்குகிறது. உலர்ந்த சூடான காற்று பட்டதும் மூட்டம் விலகுகிறது. குளிர்வித்துவிட்டுச் சூடாக்கும் அந்த வீண்வேலை இங்கே கண்பார்வையைத் திருப்பித் தருகிறது. முன்கண்ணாடி மூட்டத்தை நீக்கும் பட்டனை அழுத்தினால் பல கார்கள் இவ்வளவையும் தாமாகவே செய்துவிடும். காற்று வெளியே போதிய அளவு குளிர்ந்து, 0 டிகிரியை நெருங்கிவிட்டால் மட்டும், காயில் உறையாமலிருக்கக் கம்ப்ரசரை ஓடவிடாமல் நிறுத்திவிடும்.

சென்னையில் நடப்பது இதற்கு நேர்மாறு. கடலோரக் காற்றின் பனிநிலை பல மாதங்களில் 25 டிகிரியை ஒட்டி இருக்கும். இரவு மழைக்குப் பிறகு ஏசியை லோவில் வைத்து ஓட்டினால், குளிர்க்காற்று படும் முன்கண்ணாடி அதற்கும் கீழே குளிர்ந்து, வெளிப்பக்கம் மூட்டம் படியும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. வைப்பர் ஒரு வீச்சில் துடைத்துவிடும். மூட்டம் எந்தப் பக்கம் என்று அறிய விரலால் ஒரு கோடு போட்டுப் பார்த்தால் போதும். வெளிப்பக்கம் என்றால் எண்ணை ஏற்றிவிட்டு, கண்ணாடியில் படும் காற்றை முகத்துக்குத் திருப்ப வேண்டும்.

உள்காற்றுச் சுற்றைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வெளியே 38, உள்ளே 26 என்றால், வெளிக்காற்றை 5 டிகிரிக்குக் குளிர்விக்க 33 டிகிரி இறக்க வேண்டும். உள்காற்றை 21 டிகிரி இறக்கினால் போதும். ஆகவே குளிருக்கும் எரிபொருளுக்கும் உள்காற்றே லாபம். ஆனால் நீண்ட பயணத்தில் மூச்சிலிருந்து வரும் கரியமில வாயு உள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும். அது தூக்கக் கலக்கத்தையும் தலைவலியையும் தரும். சில வண்டிகளின் ஆட்டோ நிலை, இடையிடையே வெளிக்காற்றைத் தானாகவே திறந்துவிடுகிறது. அந்த வசதி இல்லாத கார்களில் நான்கு வழிச் சாலைப் பயணத்தின்போது அதை ஓட்டுநரேதான் செய்துகொள்ள வேண்டும்.

எண்ணை ஏற்றினால் எரிபொருள் மிச்சமாகுமா?

வீட்டு ஏசியில் ஒரு டிகிரி ஏற்றினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. அங்கே அறை 24 ஆனதும் கம்ப்ரசர் ஓய்கிறது. அதனால் எண்ணுக்கும் மின்சாரத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. காரில் அந்தத் தொடர்பு கம்ப்ரசரின் வகையைப் பொறுத்தது.

1. நிலையான கொள்ளளவு கொண்ட கம்ப்ரசர். காந்தக் கிளட்ச் அதைச் சேர்க்கும் அல்லது விலக்கும், இடைநிலை கிடையாது. இது நாம் வைத்த எண்ணைப் பார்ப்பதில்லை, காயிலின் 3 டிகிரியை மட்டும் பார்க்கிறது. எண்ணை 20-இலிருந்து 25க்கு ஏற்றினால் காயில் அதே அளவு குளிர்வித்துக்கொண்டிருக்கும். ஹீட்டர் பக்கக் கதவுதான் இன்னும் கொஞ்சம் திறக்கும். ஆட்டோவில் புளோயர் வேகம் குறைவதால் காயிலைக் கடக்கும் காற்று குறைந்து ஓரளவு மிச்சமாகும். வீட்டுக் கணக்கை இங்கே பொருத்திப் பார்க்க முடியாது.

2. கொள்ளளவை மாற்றிக்கொள்ளும் கம்ப்ரசர். பிஸ்டன்களின் வீச்சைக் கணினி கூட்டிக் குறைக்கக்கூடிய வகையில், துவாரத்தில் 12 டிகிரி போதும் என்றால் காயிலை 8 அல்லது 9 டிகிரியிலேயே வைத்துக்கொள்ளலாம். குளிர்வித்துச் சூடாக்கும் விரயம் குறைகிறது. எண்ணை ஏற்றியதன் பலன் எரிபொருளில் உண்மையாகவே தெரிவது இங்கேதான்.

3. மின்சாரக் கார். கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றலாம். இலவச எஞ்சின் வெப்பம் இல்லாததால், குளிர்வித்ததை மீண்டும் சூடாக்குவது பேட்டரியிலிருந்தே போகும். 30 கிலோவாட் மணி பேட்டரியில் ஏசி 1.5 கிலோவாட் எடுத்தால், நெரிசலில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 5 சதவீதம் கரையும். குளிர் நாடுகளில் இந்த இழப்பைக் குறைக்கவே, ஏசியைத் தலைகீழாக ஓட்டி வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் வந்தது. நிசான் லீஃப் 2013ஆம் ஆண்டிலேயே அதைப் பயன்படுத்தியது.

இப்போது 20 டிகிரி வரம்புக்குத் திரும்பலாம். அது காருக்கும் வந்தால், நீலம் சிவப்புத் திருகு உள்ள வண்டிகளில் தடுப்பதற்கு எண் எதுவும் இல்லை. திருகின் நீல முனை ஒரு கதவின் நிலையே தவிர வெப்பநிலை அன்று. அங்கே வரம்பை அமல்படுத்த வேண்டுமானால், முதலில் உள் வெப்பநிலை சென்சாரைப் பொருத்தியாக வேண்டும். தானியங்கி ஏசியில் லோவை நீக்கிவிட்டு 20-உடன் நிறுத்தலாம். மேலே எடுத்துக்கொண்ட எடைகளையே வைத்து 38 டிகிரி வெயிலில் கணக்குப் போட்டால், உள்ளே 21 டிகிரி ஆகும்வரை தேவைக் காற்றின் வெப்பநிலை 4 டிகிரித் தரைமட்டத்துக்குக் கீழேயே இருக்கிறது. அதுவரை 20-இல் ஓடும் காரும் லோவில் ஓடும் காரும் ஒரே காற்றைத்தான் ஊதிக்கொண்டிருக்கும்.